ஆமை புகுந்த வீடு

ரெண்டு மாசமா இந்தப் பக்கம் தலை வச்சுக்கூடப் படுக்கல. ஆபீஸ்ல ஆணி அப்படி. நடுவுல கிடைச்ச நேரத்துல நான் பண்ணின ஒரே உருப்படியான காரியம், வீட்டுத் தொட்டியில எந்த ஆமை வளர்க்கலாம்னு ஆராய்ச்சி பண்ணினதுதான். சிரிக்காதீங்க மக்கா.

"ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது, ஞாபகம் இருக்கட்டும்டா"ன்னு அம்மா போன்லயே ஆரம்பிச்சுட்டாங்க. அவங்க அப்படிச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன்.

2015. நான் இன்ஜினியரிங் ரெண்டாவது வருஷம், தங்கச்சி ஏழாவது. கொளத்தூர்ல வண்ண மீன் வாங்கப் போன இடத்துல ஒரு கடையில ஆமைக்குட்டி வச்சிருந்தாங்க. பத்து ரூபா காசைவிடக் கொஞ்சம் பெருசு, பச்சைப் பசேல்னு, காது பக்கம் சிவப்புப் பட்டை. "இதுக்கு மேல வளராதுங்க, சின்ன டப்பா போதும்"னாரு கடைக்காரர். நம்பிட்டேன். நாலு வருஷம் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறவனுக்கு ஒரு நிமிஷம் தேடிப் பார்க்கத் தோணல பாருங்க. தங்கச்சி அதுக்குக் குண்டுன்னு பேர் வச்சா. பேரைக் காப்பாத்துச்சு. மூணே வருஷத்துல ஒரு சாணுக்குக் கொஞ்சம் கம்மி. ஹால் முழுக்க நாத்தம். வெயிலும் படல, சுண்ணாம்புச் சத்தும் இல்ல, டப்பாவுல வர்ற சிவப்புத் தீனி மட்டும்தான். ஓடு ஒரு பக்கம் மெத்துன்னு ஆயிடுச்சு. அது நோய்னு எனக்கு இப்பதான் தெரியும்.

2018ல வேலை கிடைச்சு பெங்களூர் கிளம்புறதுக்கு முந்தின நாள் விடியக்காலை, அப்பாவும் நானும் குண்டுவைப் பக்கெட்ல தூக்கிட்டுப் போய்க் கோயில் குளத்துல விட்டுட்டோம். தங்கச்சிகிட்ட "தொறந்திருந்த கேட் வழியா போயிடுச்சும்மா"ன்னு சொன்னேன். அவ ரெண்டு நாள் தெருவெல்லாம் தேடினாளாம்.

இப்ப டெக்சாஸ்ல இருக்கேன். எங்க அபார்ட்மெண்ட் பின்னாடி ஒரு ஏரி. போன மார்ச்ல தங்கமணியோட நடக்கப் போனப்ப, சாய்ஞ்சு கிடந்த மரத்து மேல வரிசையா ஏழெட்டுப் பேர் வெயில் காஞ்சுட்டு இருந்தாங்க. எல்லாம் சிவப்புக் காது. அட, இது இவனோட சொந்த ஊராச்சே! மிசிசிப்பி ஆத்துப் பக்கத்து ஆளு சென்னைக்கு வந்து கஷ்டப்பட்டான், சென்னைக்காரன் இங்க வந்து பொட்டி தட்டுறான். நம்மூர் ஆமைகளை வளர்க்க 1972 வனவிலங்குச் சட்டம் விடாது, அதனால கடைகள்ல இந்த அமெரிக்கக் குட்டிதான் ஓடுச்சு. குளத்துல விட்டா உள்ளூர் ஆமையோட இடத்தையும் சாப்பாட்டையும் பிடுங்கிக்கும். உலகத்தோட மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்கள் பட்டியல்ல இதுவும் இருக்கு.

தங்கமணிக்கு அன்னிக்கே ஆசை வந்துடுச்சு. "சரி, இந்தத் தடவை படிச்சுட்டு வாங்குவோம்"னேன்.

முதல்ல கணக்கு. ஓடு ஒரு அங்குலத்துக்குப் பத்து கேலன் தண்ணி, இது ஆமை வளர்க்கிறவங்க சொல்ற தோராயக் கணக்கு. சிவப்புக் காதுப் பொண்ணு பத்து அங்குலம் தாண்டும். அப்ப நூறு கேலன். தண்ணி மட்டுமே 380 கிலோ. நாங்க ரெண்டாவது மாடி, மரத்தரை. கீழ்வீட்டுப் பாட்டி பாவம். அடுத்து மேப் ஆமை. ஆம்பளை கையளவுதான், பொம்பளை அதைப் போல ரெண்டு மடங்கு. குட்டியில பார்த்தா எதுன்னு தெரியாது, முட்டை இருந்த சூடுதான் ஆணா பொண்ணான்னு முடிவு பண்ணுது. லாட்டரி வேணாம். கருப்பு ஓட்டுல மஞ்சப் பொட்டு வச்ச ஸ்பாட்டட் ஆமையைப் பார்த்துட்டு தங்கமணி கண்ணை எடுக்கல. நாலஞ்சு அங்குலம்தான், அம்புட்டு அழகு. ஆனா காட்டுல அழிஞ்சுட்டு வர்ற இனம், விலையும் ஒரு மாச மளிகை பட்ஜெட். மனசைக் கல்லாக்கிட்டு அடுத்த பக்கம் போனோம்.

கடைசியா நின்னது மஸ்க் ஆமை. மூணு நாலு அங்குலம், எக்கச்சக்கமா வளர்ந்தா அஞ்சு. பார்க்க அழகெல்லாம் கிடையாது. பாசி படிஞ்ச கூழாங்கல்லுக்கு மூக்கு வச்ச மாதிரி, முகத்துல ரெண்டு வெளிர் கோடு, தாடையில குட்டிக் குட்டித் தாடி. பயந்தா ஒரு நாத்தம் விடும், அதனால இங்க இதுக்குப் பட்டப்பேரே நாத்தப் பானை. (தொட்டியில பழகினது அவ்வளவா விடாதாம். பார்ப்போம்.) நீச்சல் சுமார்தான், தண்ணிக்கு அடியில நடந்து போகும். ஏறி வந்து மூச்சு விட உள்ள மரக்கட்டை போடணும். நாக்குல இருக்கிற சின்னச் சின்ன மேடுகள் வழியா தண்ணியில இருந்தே ஆக்சிஜன் எடுக்கும்னு படிச்சப்ப, நைட்டு பதினோரு மணிக்கு தங்கமணியை எழுப்பிச் சொன்னேன். திட்டு விழுந்துச்சு :-) நாப்பது கேலன் போதும். 150 கிலோ, தரை தாங்கும்.

ஆனா ஒரு சிக்கல். பிலடெல்பியா மிருகக்காட்சி சாலையில இந்த இனத்துல ஒண்ணு 50 வருஷத்துக்கு மேல இருந்திருக்கு. எனக்கு இப்ப 29. நீங்களே கூட்டிக்கோங்க.

குட்டி வாங்கவும் முடியாது. குழந்தைங்களுக்கு சால்மோனெல்லா தொத்துதுன்னு 1975லயே நாலு அங்குலத்துக்குக் கீழ இருக்கிற ஆமையை வளர்ப்புக்கு விக்க இங்க தடை போட்டுட்டாங்க. அதனால கைவிடப்பட்ட ஆமைகளைப் பார்த்துக்கிற ஒரு இடத்துக்குப் போனோம். ஒரு ஷெட் முழுக்கப் பெரிய பெரிய பிளாஸ்டிக் தொட்டி, எட்டிப் பார்த்த ஒவ்வொண்ணுலயும் சிவப்புக் காது. சிலதுக்கு ஓடு கோணல். எல்லாரும் யாரோ ஒரு கடைக்காரரை நம்பினவங்க வீட்டுல இருந்து வந்தவங்க. எனக்கு அங்க ரொம்ப நேரம் நிக்க முடியல. மூலையில ஒரே ஒரு மஸ்க், ஆம்பளை, நாலரை அங்குலம். எங்களைப் பார்த்துக் கடிக்க வாயைத் திறந்துச்சு. தங்கமணி "இதுதான்"னுட்டா.

மனு கொடுத்தாங்க. எத்தனை கேலன், என்ன ஃபில்டர், புற ஊதா விளக்கை எப்ப மாத்துவீங்க, எல்லாத்துக்கும் டக்டக்னு பதில் எழுதினேன். பன்னெண்டாவது கேள்வியில பேனா நின்னுடுச்சு. 'இந்த நாட்டை விட்டுப் போக வேண்டி வந்தால் இதை என்ன செய்வீர்கள்?'

எச்-1பி காரன்கிட்ட கேக்கிற கேள்வியாங்க இது! வேலை போனா 60 நாள். போன வருஷம் எங்க டீம்லயே ரெண்டு பேர் பொட்டி கட்டினாங்க. இந்தியாவுக்குக் கொண்டு போறதுன்னா சூட்கேஸ்ல வைக்கிற சமாச்சாரம் இல்ல, பர்மிட் வேணும். தங்கமணி பேனாவை வாங்கி, "இங்கேயே திருப்பிக் கொண்டுவந்து விடுவோம், வேறு எங்கும் விட மாட்டோம்"னு எழுதிக் கையெழுத்துப் போட்டா. அவளுக்குக் குளத்துக் கதை அதுவரைக்கும் தெரியாது. கார்லதான் சொன்னேன். ஒண்ணும் பேசல. வீட்டுக்கு வந்ததும் போனை எடுத்துக் கையில கொடுத்தா.

தங்கச்சி வேலைக்குக் கிளம்பிட்டு இருந்தா. எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியாம, "குண்டு கேட் வழியா போகலடீ"ன்னேன்.

"தெரியும்ண்ணா. அன்னிக்குக் காலைல மொட்டை மாடில பக்கெட் காஞ்சுட்டு இருந்துச்சு."

அப்புறம் ஏன் ரெண்டு நாள் தெருவுல தேடினேன்னு கேட்டேன். "நீங்க ரெண்டு பேரும் சொல்லிடுவீங்கன்னு பார்த்தேன்"னா.

டியூஷன் முடிஞ்சு அப்பப்ப குளத்துப் படியில போய் உக்காருவாளாம். இப்ப அங்க சிவப்புக் காது ஆறேழு இருக்காம். எது நம்மதுன்னு தெரியலையாம்.

தொட்டி இன்னும் ரெடியாகல. தண்ணியில நல்ல பாக்டீரியா குடியேற நாலஞ்சு வாரம் ஆகும். தினமும் சாயங்காலம் அமோனியா, நைட்ரைட் டெஸ்ட் பண்ணி எக்செல்ல ஏத்திட்டு இருக்கேன். நைட்ரைட் இன்னும் இறங்கல. இறங்கினதும் போய்க் கூட்டிட்டு வரணும். பேர் தங்கச்சிதான் வைக்கப் போறா. குண்டு மட்டும் கிடையாதுன்னு கண்டிஷனா சொல்லிட்டா.