‘ஆகு’ என்றால் நில்

தெலுங்கில் ‘ஆகு’ என்றால் ‘நில்’ என்று பொருள். தமிழில் அதே ஒலியுடைய சொல்லுக்கு நிற்பதோடு எந்தத் தொடர்பும் இல்லை. ஒன்று மற்றொன்றாக மாறுவதையே அது குறிக்கும். தெலுங்கில் ‘கொட்டு’ என்பது ‘அடி’. தமிழ்க் காதில் அது தானியத்தையோ தண்ணீரையோ கொட்டுவதாக விழும். ஒரே குடும்பத்தைச் சேர்ந்த இரு மொழிகளில் இத்தகைய சொற்கள் இருப்பது வியப்பன்று. மொழியியல் வகுப்பில் இவை சுவையான எடுத்துக்காட்டுகளாக நின்றுவிடும். சேஷாசலம் காட்டில், இருட்டில், துப்பாக்கி ஏந்திய ஒருவர் இன்னொருவரை நோக்கிக் கூவும் சொல்லாக வரும்போது அவற்றின் எடை வேறு.

‘பிராந்தியப் பாதுகாப்பு ஒத்துழைப்பு’ என்னும் தொடர் நாடுகளுக்கு இடையிலான உறவைக் குறிக்கவே பெரும்பாலும் வழங்குகிறது. அதற்கான கல்வியும் அவ்வாறே அமைந்துள்ளது. குன்னூரை அடுத்த வெலிங்டனில் உள்ள பாதுகாப்புப் பணியாளர் கல்லூரி இதற்கு நமக்கு அருகிலுள்ள எடுத்துக்காட்டு. 1905-இல் தேவலாலியில் தொடங்கி, 1907-இல் குவெட்டாவுக்குச் சென்று, 1947-இல் நாடு பிரிந்தபோது தானும் இரண்டாகப் பிரிந்த நிறுவனம் அது. குவெட்டாவில் எஞ்சிய பாதி பாகிஸ்தானுக்கு அதிகாரிகளை உருவாக்கியது. நீலகிரிக்கு வந்த பாதி இந்தியாவுக்கு உருவாக்கியது. இன்று வெலிங்டனில் தரைப்படை, கடற்படை, விமானப்படை அதிகாரிகளோடு நட்பு நாடுகளின் அதிகாரிகளும் ஒரே வகுப்பில் அமர்கின்றனர். படிப்பை முடிப்பவர்களுக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் பாதுகாப்பு, உத்திசார் ஆய்வுகளில் முதுநிலைப் பட்டம் வழங்குகிறது.

1960-இல் புது தில்லியில் தொடங்கப்பெற்ற தேசியப் பாதுகாப்புக் கல்லூரி இன்னும் ஒரு படி மேலே சென்றது. மூத்த படை அதிகாரிகளோடு ஆட்சிப்பணி, காவல்பணி, வெளியுறவுப்பணி அலுவலர்களையும் அது ஓராண்டு முழுவதும் ஒன்றாகப் படிக்கவைக்கிறது. ஹவாயின் ஹொனலுலுவில் அமெரிக்கா 1995-இல் தொடங்கிய ஆசிய-பசிபிக் பாதுகாப்பு ஆய்வு மையமும் சீருடை அணிந்தோரையும் அணியாதோரையும் ஒரே மேசைக்குக் கொண்டுவருவதையே தன் பணியாகக் கொண்டது. அங்கே பேசப்படுவதைப் பேசியவர் பெயரோடு வெளியில் சொல்லக் கூடாது என்பது விதி.

இந்நிறுவனங்களின் பாடத்திட்டங்கள் வேறுபடலாம். கற்பிக்கும் முறையில் மூன்று கூறுகள் பொதுவானவை. ஒன்று, வேறு வேறு துறையினரைச் சிறு குழுக்களாகக் கலந்து அமர்த்துதல். இரண்டு, எந்த ஒரு துறையும் தனியே தீர்க்க முடியாத சிக்கலை அவர்கள் முன் வைத்தல். மூன்று, மேலதிகாரிக்கு அஞ்சாமல் பேசுவதற்கான சூழலை உறுதிசெய்தல். தகவல் கற்பிப்பது இக்கல்வியின் முதல் நோக்கமன்று. நெருக்கடி வரும் நாளில் தொலைபேசியின் மறுமுனையில் இருப்பவர் முன்பே அறிந்த மனிதராக இருக்க வேண்டும் என்பதே நோக்கம்.

இந்த மூன்றும் மிகவும் தேவைப்படும் நிலம் ஒன்று சென்னையிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் இருக்கிறது. சித்தூர், திருப்பதி மாவட்டங்கள் தமிழ்நாட்டோடு நீண்ட எல்லையைப் பகிர்கின்றன. சித்தூர் கர்நாடகத்தையும் தொடுகிறது. செம்மரம் உலகில் இயற்கையாக வளர்வது கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் மட்டுமே. அதன் முதன்மையான காடுகளுள் ஒன்று சேஷாசலம். 1995 முதல் அழிநிலை உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் அது இடம்பெற்றுள்ளது. ஆயினும் சீனத்தின் அறைகலன் சந்தை அதற்குக் கொடுக்கும் விலை, காட்டின் எந்த வேலியையும் விட வலியது.

வெட்டப்படும் ஒரு மரத்தின் பாதையைப் பின்தொடர்ந்தால் ‘ஒத்துழைப்பு’ என்னும் சொல்லின் முழு விரிவும் தெரியும். வெட்டுபவர் பெரும்பாலும் ஜவ்வாது மலை போன்ற தமிழக மலையூர்களிலிருந்து கூலிக்கு அழைத்துவரப்பட்டவர். மரம் விழும் இடம் ஆந்திர வனத்துறையின் பொறுப்பு. சாலைக்கு வந்ததும் அது காவல்துறையின் பொறுப்பு. எல்லை தாண்டினால் மற்றொரு மாநிலத்தின் காவல்துறை. கொள்கலனுக்குள் ஏறித் துறைமுகத்தை அடைந்தால் சுங்கத்துறையும் வருவாய்ப் புலனாய்வு இயக்குநரகமும். கடலுக்குப் போனால் கடலோரக் காவல்படையும் வெளிநாட்டு அரசுகளும். இத்தனை கைகளில் ஒன்று மற்றொன்றை அறியாதிருக்கும் இடங்களில்தான் கடத்தல்காரரின் வழி திறக்கிறது.

இந்நிலத்தின் இழப்புகள் இரு தரப்பிலும் உள்ளன. 2013 டிசம்பரில் சேஷாசலத்தில் இரண்டு வன அலுவலர்கள் கடத்தல் கும்பலால் கொல்லப்பட்டனர். பின்னர் செம்மரக் கடத்தலைத் தடுக்கத் திருப்பதியைத் தலைமையிடமாகக் கொண்டு தனிப்படை அமைக்கப்பட்டது. 2015 ஏப்ரல் 7 அன்று சந்திரகிரியை ஒட்டிய காட்டில் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அனைவரும் தமிழ்நாட்டினர், பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். தாக்கப்பட்டதால் தற்காப்புக்காகச் சுட்டதாகக் காவல்துறை கூறியது. மனித உரிமை அமைப்புகள் அதை ஏற்கவில்லை. தேசிய மனித உரிமை ஆணையம் தானே முன்வந்து விசாரணையைத் தொடங்கியது.

அந்த நாளின் உண்மையை மொழியைக் கொண்டு விளக்கிவிட முடியாது. அவ்வாறு முயல்வது இறந்தோருக்கும் நீதிக்கும் செய்யும் தீங்காகும். ஆனால் அந்த நிலைமையின் அமைப்பைப் பற்றிச் சில கேள்விகளைக் கேட்கலாம். தெலுங்கு அறியாத மலையூர்க்காரரை எதிர்கொள்ளும் ஒரு காவலர் எச்சரிக்கையை எம்மொழியில் விடுக்க வேண்டும் என்று அவருக்குக் கற்பிக்கப்படுகிறதா? சரணடைய விரும்புபவர் அதை எம்மொழியில் சொன்னால் அது புரிந்துகொள்ளப்படும்? கைதான பிறகும் இதே கேள்வி தொடர்கிறது. தடுப்புக்காவலுக்கான காரணங்கள் தடுத்து வைக்கப்பட்டவருக்குப் புரியும் மொழியில் அமைய வேண்டும் என்று 1962-இலேயே ஹரிகிசன் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. சட்டம் ஏற்றுக்கொண்ட இந்த எளிய உண்மை, பயிற்சித் திடலிலும் பாடமாக வேண்டும்.

ஒப்பியல் மொழியியல் இங்கே சிறிய, ஆனால் பயனுள்ள உதவியைச் செய்யும். ‘ஆகு’ என்பதற்குப் பதிலாகத் தெலுங்கின் ‘நிலபடு’ என்னும் சொல்லைத் தேர்ந்தால், அதனுள்ளே இருக்கும் ‘நில்’ தமிழ்க் காதுக்கு எட்டும். ‘போ’ இரு மொழிக்கும் பொது. உறவுச்சொற்கள் எவை, உறவுபோல் தோன்றி ஏமாற்றும் சொற்கள் எவை என்னும் பட்டியலைச் சில வாரங்களில் உருவாக்கிவிடலாம். சித்தூர்ப் பகுதியில் வீட்டில் ஒன்றும் கடைவீதியில் மற்றொன்றுமாக இரு மொழிகளையும் புழங்கும் மக்களுக்கு இந்த அறிவு பிறப்போடு வந்தது. ஓர் அரசு அதைக் கல்வியாக மாற்றுவதுதான் மீதம்.

எல்லையை அறிவால் தீர்த்த முன்மரபும் இந்நிலத்துக்கு உண்டு. வேங்கடத்தைத் தமிழ் வழங்கும் நிலத்தின் வடக்கெல்லையாகத் தொல்காப்பியப் பாயிரம் குறித்தது. 20-ஆம் நூற்றாண்டில் அந்த எல்லை பெரும் போராட்டமாயிற்று. ம.பொ.சி. முன்னின்ற வடக்கெல்லைப் போராட்டத்தை அறியாதார் இலர். இறுதியில் எச்.வி. படாஸ்கரின் நடுவண் முயற்சியால், சிற்றூரை அலகாகவும் மொழிப் பெரும்பான்மையையும் நிலத் தொடர்ச்சியையும் அளவுகோலாகவும் கொண்டு எல்லை மாற்றி வரையப்பட்டது. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. சத்தியவேடு சித்தூருக்குச் சென்றது. இரு தரப்பும் முழுமையாக மகிழவில்லை. ஆனால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மொழிப் பக்கங்கள் ஓர் எல்லைப் பூசலைத் தணிக்கும் கருவியாகப் பயன்பட்டன என்பது மறக்கத்தக்கதன்று.

கருவிகள் இன்றும் அருகிலேயே கிடக்கின்றன. திருப்பதியை அடுத்த கல்யாணி அணையில் காவலர் பயிற்சிக் கல்லூரி இருக்கிறது. 1954-இல் தோன்றிய திருவேங்கடவன் பல்கலைக்கழகத்தில் தென்கிழக்காசிய, பசிபிக் ஆய்வுகளுக்கென ஒரு மையம் இருக்கிறது. செம்மரம் கடல் கடந்து போகும் திசையும் கிழக்கே. சித்தூர் மாவட்டத்தின் குப்பத்தில் 1997-இல் நிறுவப்பட்ட திராவிடப் பல்கலைக்கழகம், தமிழ்நாடு, கர்நாடகம், கேரளம் ஆகிய அண்டை மாநிலங்களின் ஒத்துழைப்போடு ஆந்திர அரசு உருவாக்கியது. அதன் உருவாக்கத்தில் மொழியியலாளர் வ.அய். சுப்பிரமணியம் பங்காற்றினார். அரசுகள் கூடும் மேடையும் உண்டு: தென் மண்டல மன்றத்தின் 29-ஆவது கூட்டம் 2021 நவம்பர் 14 அன்று திருப்பதியிலேயே நடந்தது.

வெலிங்டனின் முறையை இங்கே இறக்கிப் பார்க்கலாம். ஆந்திரக் காவலர் ஒருவர், தமிழக வனக்காப்பாளர் ஒருவர், சுங்க அலுவலர் ஒருவர், பழங்குடியினர் நலத்துறை அலுவலர் ஒருவர், மொழியியல் மாணவர் ஒருவர்: இவர்களைக் கொண்ட சிறு குழு. அவர்கள் முன் ஒரே ஒரு சிக்கல்: ஒரு மலையூரிலிருந்து பத்துப் பேர் நாளை இரவு வண்டி ஏறப் போகிறார்கள், ஒருவரும் சாகாமல் இதை எப்படித் தடுப்பது? கேள்வியை இவ்வாறு வைத்தால் விடை காட்டுக்குள் தொடங்காது. வேலையில்லாத மாதங்கள், முன்பணம் கொடுக்கும் தரகர், மலையூருக்கு எட்டாத அரசுத் திட்டம் ஆகியவற்றில் தொடங்கும். தனிப்படை தனியே பயிற்சி பெறும்போது இந்த விடை தோன்றுவதற்கு வழியில்லை.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ஒத்துழைப்பு கூடினால் யாருடைய பாதுகாப்பு கூடும்? துறைகள் நன்றாக இணைந்து செயல்படுவதால் கீழே நிற்கும் கூலியாளே விரைவாகப் பிடிபடுவார். கப்பலில் ஏற்றுபவர் தப்பிவிடுவார். இந்தக் கவலை தமிழருக்குப் புதியதன்று. 2012-இல் தாம்பரத்தில் இலங்கை விமானப்படையினருக்குப் பயிற்சி அளிக்கப்பட்டபோது எழுந்த எதிர்ப்பும், அவர்கள் வேறிடத்துக்கு மாற்றப்பட்டதும் நினைவிருக்கலாம். பாதுகாப்புக் கல்வி நடுநிலையான பண்டம் அன்று; யார் கற்கிறார், யாருக்கு எதிராகப் பயன்படுத்தப் போகிறார் என்னும் கேள்வி அதனோடு ஒட்டியே வரும்.

அந்த மறுப்பை ஏற்றுக்கொண்டே மேலே செல்ல வேண்டும். கல்வி தன்னளவில் நீதியாகாது; விசாரணைக்கும் தண்டனைக்கும் அது மாற்றுமன்று. ஆனால் கல்வி இல்லாத இடம் வெறுமையாக இருப்பதில்லை. அங்கே ஐயமும் அச்சமும் குடியேறுகின்றன. அறிமுகமில்லாத மொழி பேசுபவர் கடத்தல்காரராகவே தெரிவார். அறிமுகமில்லாத சீருடை கொலையாளியாகவே தெரியும். எனவே வகுப்பில் யார் அமர்கிறார் என்பதே முதல் பாடம். மலையூரின் குரலுக்கு அங்கே ஓர் இருக்கை இல்லையெனில் மறுப்பாளர் சொல்வதே உண்மையாகிவிடும்.

மொழியியல் துறையினருக்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு. தமிழ் ‘ஆகு’வின் உண்மையான தெலுங்கு உறவு ‘அவு’ என்பதை நாம் ஆய்வேடுகளில் எழுதி வைத்திருக்கிறோம். அந்த அறிவு குப்பத்திலிருந்து கல்யாணி அணைக்கு இன்னும் பயணம் செய்ய வேண்டியுள்ளது. இரண்டுக்கும் இடையில் நல்ல சாலை இருக்கிறது. ஒரே பகல் பயணம் போதும்.