கட்டும் நூலும்

நம் புதுவை நகரின் கடற்கரையை அடுத்து, 1955ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற பிரெஞ்சு நிறுவனத்தில் ஆயிரக்கணக்கான ஓலைச்சுவடிகள் பேணப்பட்டு வருகின்றன. இந்நகரின் சைவச் சுவடிகள் 2005ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. சுவடிகளின் இயல்பொன்று நம் கணினிப் பயிற்சிக்குப் பெரிதும் துணைசெய்தது. ஒரு கட்டினுள் பல நூல்கள் இருத்தல் உண்டு. ஒரே நூல் பல கட்டுகளில் இருத்தலும் உண்டு.

இதனை உளங்கொண்டு, டென்மார்க்கு நாட்டினரான டேவிட் ஹைனமைர் ஹான்சன் 2004இல் வெளியிட்ட ‘ரூபி ஆன் ரெயில்ஸ்’ என்னும் வலைச்செயலிச் சட்டகத்தில், பயிற்சியின் பொருட்டு ஒரு சுவடி அட்டவணை இயற்றலானோம். கட்டு, நூல், பிரதி என மாடல்கள் மூன்று. கட்டுக்குப் பிரதிகள் பல. நூலுக்கும் பிரதிகள் பல. பிரதியோ ஒரு கட்டுக்கும் ஒரு நூலுக்கும் உரியது. இவ்வுறவு ஒவ்வொன்றையும் ஒரு வரியில் எழுதிவிடலாம். அவ்வரி உளதா என்று பார்க்கும் சோதனையும் எளிதே. அதற்கென ‘ஷுடா மேட்சர்ஸ்’ என்னும் கருவி உண்டு. அது மட்டும் அமையுமோ எனின், அமையாது என்பதே நம் துணிபு. திருமணப் பதிவேட்டில் கையொப்பம் உளதா எனக் காண்பது வேறு. இல்லறம் நடக்குமாறு வேறு.

ஆதலின், நாம் எழுதிய அலகுச் சோதனை வருமாறு: ஒரு நூலைப் படைத்து, இரு கட்டுகளில் அதற்குப் பிரதி வைத்தோம். பின்னர் ஒரு கட்டின் பதிவை நீக்கினோம். அக்கட்டிலுள்ள பிரதி உடன் நீங்கல் வேண்டும். நூலும் மற்றைப் பிரதியும் நிலைத்தல் வேண்டும். உடன்நீக்கும் கட்டளையைக் கட்டின்பால் மட்டும் வைத்தபோது சோதனை தேறிற்று. அக்கட்டளையைப் பிரதியினின்று நூலை நோக்கியும் வேண்டுமென்றே வைத்துப் பார்த்தோம். தரவுத்தளத்தில் தடையேதும் இடாத நிலையில், கட்டோடு நூலும் அழிந்தது. மற்றைப் பிரதி தாயற்ற சேயாய் நின்றது. உறவு உளதா என்று மட்டும் வினவிய வரிச் சோதனையோ, ஈரிடத்தும் குறையொன்றும் கூறாது தேறிற்று!

இன்னும் ஒன்று. நூலின்றிப் பிரதி பதிவாதல் கூடாது. 2016இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பு முதல் புதிய செயலிகளில் இத்தடை தானே அமைகின்றது. ஆயினும், நூலற்ற பிரதி மறுக்கப்படுகின்றதா எனச் சோதித்தலே நன்று. பிறனொருவன் பின்னாளில் அத்தடையைத் தளர்த்தினும் சோதனை நமக்கு அறிவிக்கும்.

இஃதெல்லாம் சிறு பயிற்சிதானே என்பாரும் உளர். அட்டவணையில் பெயர் மறைந்த நூலைத் தேடி வருவோன், ‘இந்நூல் இங்கில்லை’ என்றே மீள்வான். சுவடியோ உள்ளே செவ்வனே கிடக்கும். ஓலைக்குச் செல் பகை. அட்டவணைக்கு ஆராயாத உறவு பகை. ஆகவே மாணவ நண்பர்காள், உறவு கூடுவதைச் சோதிப்பதோடு அமையாது, அஃது அறும்போது எவை எஞ்சுகின்றன என்பதையும் சோதிப்பீராக.