நிற்பதற்கு ஒரு வலிமை

தொல்காப்பியமும் திருக்குறளும் கற்பிக்கும் நமக்கு, மிதிவண்டியின் பிரேக்கைப் பற்றி எழுத என்ன தகுதி உண்டு என்று மாணவச் செல்வங்கள் வினவலாம். தகுதி ஏதுமில்லை, தீர்க்காத கடன் ஒன்று மட்டும் இருந்தது. அதைத் தீர்க்கப் புகுந்தபோது கற்றவற்றையே ஈண்டு எழுதுகின்றோம்.

நம் தங்கையின் மகன் கல்லூரியில் இரண்டாமாண்டு பயில்கின்றான். அவனுடைய அத்தா வளைகுடா நாட்டில் பணிபுரிவதால், எதற்கும் நம்மிடமே வருவான். ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவைச் சேர்ந்த டேனி மெக்காஸ்கில், எடின்பரோ நகரின் சுவர்கள் மீதும் வேலிக் கம்பிகள் மீதும் மிதிவண்டியைச் செலுத்திக் காட்டிய படம் 2009ஆம் ஆண்டு வெளிவந்து உலகெங்கும் பரவியது. அதனைக் கைப்பேசியில் கண்ட நாள்முதல் நம் மருமகனுக்கு வேறு நினைவில்லை. தன் மலைமிதிவண்டியில் அவ்வித்தைகளைப் பழகத் தொடங்கினான். காலை ஊன்றாமல் அசையாது நிற்றல், முன்சக்கரத்தைத் தூக்கிப் பின்சக்கரத்தின் மேலேயே துள்ளுதல், அங்கிருந்து திண்ணைக்குத் தாவுதல் ஆகிய இவற்றில் விரைவுக்கு இடமில்லை. பூட்டிய சக்கரம் பூட்டியபடியே நிற்க வேண்டும், அவ்வளவே.

ஒருநாள் மாலை, திடலின் படிக்கட்டில் பின்சக்கரத்தின் மேல் நின்றவன் மல்லாந்து விழுந்தான். இடக்கை மணிக்கட்டு முறிந்தது. பிடித்த பிரேக் நழுவிச் சக்கரம் உருண்டுவிட்டது என்றான். மருத்துவமனை வாயிலில் தங்கை நம் கையைப் பற்றிக்கொண்டு, "அண்ணே, நல்ல பிரேக் வேணும்னு உங்ககிட்டதான் வந்து நிப்பான். காசு குடுத்துடாதீங்க. அந்தச் சைக்கிளை வித்துடச் சொல்லுங்க" என்றாள்.

அவ்வாறே, கட்டுப் பிரித்த மறுவாரம் வந்து நின்றான். நாமும் அறிவுரை கூறவே ஆயத்தமாயிருந்தோம். வலிய பிரேக் கிடைத்தால் துணிச்சல் வரம்பு மீறுமன்றோ என்று கேட்டோம். "வேகமாப் போறதுக்குக் கேக்கல மாமா, நிக்கிறதுக்குத்தான் கேக்குறேன்" என்றான். அச்சொல் நம்மை முப்பது ஆண்டுகளுக்கு மேல் பின்னோக்கி இழுத்துச் சென்றது.

1991ஆம் ஆண்டு. குரங்குப் பெடல் போட்டுப் பழகி, அத்தாவின் மிதிவண்டியில் இருக்கையேறி ஓட்டத் தொடங்கியிருந்த பருவம். அவ்வண்டியின் பிரேக் கட்டை தேய்ந்து, இரும்பு சக்கரத்தில் உரசும் ஓசை ஒருவாரமாகக் கேட்டது. அத்தாவிடம் சொன்னால் கட்டை மாற்றும்வரை வண்டியைத் தொட விடமாட்டார் என்று அஞ்சிச் சொல்லாதிருந்தோம். மழை தூறிய ஒரு மாலையில் தங்கையைக் கேரியரில் ஏற்றிக்கொண்டு கடைத்தெருச் சரிவில் இறங்கினோம். பிடித்தோம், நிற்கவில்லை. தங்கையின் இடப்புருவத்தின் மேல் தையல் போட்ட வடு இன்றும் உண்டு. நாய் குறுக்கே வந்ததென்று அத்தாவிடம் சொன்னோம். அவர் மறையும்வரை அப்பொய்யைத் திருத்தவில்லை.

எனவே தங்கையின் சொல்லை மீறி, மருமகனுடன் கடைக்குப் புறப்பட்டோம். அதற்குமுன், பழைய பிரேக் ஏன் நழுவிற்று என்று ஆராய்ந்தோம். டிஸ்க் பிரேக்கின் தகடு கீச்சிடுகின்றது என்று அவன் சொன்னபோது, பழுது பார்த்தவர் அத்தகட்டின் மேலேயே எண்ணெய் விட்டிருக்கின்றார்! சங்கிலிக்கு நலம் செய்யும் எண்ணெய் பிரேக் தகட்டுக்கு நஞ்சு. தகட்டைச் சாராயத் திரவத்தால் துடைத்துவிடலாம். எண்ணெய் ஊறிய பேடுகளையோ எறிவதே முறை. எண்ணெய் போனபின்னும், கம்பியால் இழுபடும் அந்த மலிவான பிரேக்குக்கு இவ்வித்தைக்கு வேண்டிய பிடிப்பு இல்லை என்பது புலனாயிற்று.

வலியறிதல் என்னும் அதிகாரத்தைப் பல்லாண்டுகளாக வகுப்பில் நடத்தி வருகின்றோம். அதனை அன்று கடை வாயிலில் நின்று மீண்டும் கற்றோம். முதலில் அறிய வேண்டியது செயலின் வலிமை. நீண்ட மலைச்சரிவில் இறங்குவோனுடைய பிரேக் கடும் வெப்பத்தைத் தாங்க வேண்டும். வித்தை செய்வோனுடைய பிரேக் சூடேறுவதே அரிது. குளிர்ந்த நிலையிலேயே, தொட்டவுடன் கவ்வ வேண்டும். கடைக்காரர் உலோகத்துகள் கலந்த பேடுகளைப் பரிந்துரைத்தார். அவை வெப்பம் தாங்கும், நெடுநாள் உழைக்கும். ஆயினும் குளிரில் சட்டெனக் கவ்வுவது பிசின் வகைப் பேடே. அதனையே தேர்ந்தோம்.

அடுத்து, விசையைக் கடத்தும் முறை. கம்பி நீளும், அதன் உறை அமுங்கும், விரலின் விசையில் ஒரு பகுதி அங்கேயே வீணாகும். திரவத்தால் இயங்கும் பிரேக்கில் அவ்விழப்பு மிகக் குறைவு. அடைபட்ட திரவத்தின் அழுத்தம் எங்கும் சமமாகப் பரவும் என்று 17ஆம் நூற்றாண்டில் பாஸ்கல் கண்ட விதியே அங்குத் தொழிற்படுகின்றது. ஒற்றை விரலால் பிடிக்கலாம். ஏனைய விரல்கள் கைப்பிடியை விடாதிருக்கும். தாவுவோனுக்கு அது உயிர்நிலையன்றோ! நான்கு பிஸ்டன் கொண்ட கேலிப்பர், பெரிய பேடுகளைத் தகட்டின் மேல் வலுவாக அழுத்தும். திரவத்திலும் வகையுண்டு. ஷிமானோ, மகுரா போன்றவற்றில் மினரல் எண்ணெய். இங்கிலாந்தின் ஹோப் பிரேக்குகளில் டாட் திரவம். ஒன்றுக்குரியதை மற்றொன்றில் ஊற்றினால் உள்ளிருக்கும் ரப்பர் வளையங்கள் கெடும்.

இனித் தகட்டின் அளவு. 160 மில்லிமீட்டர் தகட்டை 180 ஆக்கினால், அதே விசைக்குப் பிடிப்பு எட்டில் ஒரு பங்கு கூடும். 203 ஆக்கினால் நான்கில் ஒரு பங்குக்கு மேல் கூடும். கடைக்காரர் 203ஐயே வற்புறுத்தினார். மருமகனின் கண்களும் அதன் மேலேயே இருந்தன. ஆனால் அவ்வண்டியின் சட்டத்துக்கும் முன்கவைக்கும் உற்பத்தியாளர் விதித்த எல்லை 180. தாங்கும் உறுப்பு முறியுமானால், பிரேக்கின் வலிமையால் பயன் யாது? 180இல் நின்றோம்.

புதிய பேடு உடனே முழுப்பிடிப்புத் தராது. சக்கரம் பூட்டாதபடி, மிதமான விரைவிலிருந்து இருபது முறையேனும் மெல்லத் தணித்துப் பழக்க வேண்டும். அப்போதுதான் பேடின் பொருள் தகட்டில் சீராகப் படியும். அப்பணியை மருமகன் எங்கள் வீட்டுத் தெருவில் செய்துகொண்டிருந்தபோது, தங்கை வந்து சேர்ந்தாள். முகத்தில் சினம் தெரிந்தது. அவள் வாய் திறக்குமுன், 1991ஆம் ஆண்டின் கதையை நாம் சொல்லி முடித்தோம்.

அவள் சற்றுநேரம் பேசவில்லை. பிறகு, "நாய் எதுவும் வரலைன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்ணே. பின்னால உக்காந்திருந்தது நாந்தானே" என்றாள். அத்தாவிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டோம். "சொன்னா அப்புறம் என்னை யாரு சைக்கிள்ல ஏத்திக்கிட்டுப் போவா?" என்று சிரித்தாள்.

மகனை அழைத்து இரண்டு நிபந்தனைகள் விதித்தாள். தலைக்கவசமின்றி வண்டியைத் தொடலாகாது. மாதந்தோறும் பேடுகளைக் கழற்றி அவளிடம் காட்ட வேண்டும். உராயும் பகுதி 1 மில்லிமீட்டருக்குக் குறையுமுன் புதியன வாங்க அவளே பணம் தருவாள்.

மாணவர்களே, தேய்ந்ததை உரியவரிடம் அஞ்சாமல் சொல்லுங்கள். பெற்றோர்களே, அவ்வாறு சொல்லும் பிள்ளையின் வண்டியைப் பறித்து வைக்காதீர்கள். சென்ற மாதம் நாம் தங்கையின் வீட்டுக்குச் சென்றபோது, அவள் வாசற்படியில் அமர்ந்து, மூக்குக் கண்ணாடியை உயர்த்திக்கொண்டு, பள்ளிக்கூட அளவுகோலால் பேடின் கனத்தை அளந்துகொண்டிருந்தாள். மருமகன் கைகட்டி அருகில் நின்றான்.