மேல் தட்டில் இருந்த கிதாபு

ஷஅபான் பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் நோன்புக்கான துப்புரவு தொடங்கிவிடும். அடுக்களையையும் முற்றத்தையும் மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நூல் அலமாரி மட்டும் என் பொறுப்பு. கீழக்கரையின் உப்புக் காற்றில் தாள் விரைவில் பழுத்துவிடும். ஓராண்டு கவனியாமல் விட்டால் பூச்சியும் சேர்ந்துகொள்ளும். ஆகவே அனைத்தையும் இறக்கித் துடைத்து, நிழலில் காற்றாட வைத்து, தட்டுகளில் உலர்ந்த வேப்பிலையும் வசம்புத் துண்டுகளும் இட்டு, மீண்டும் அடுக்குவேன். வெயிலில் மட்டும் வைக்க மாட்டேன், அட்டை வளைந்துவிடும்.

அடுக்குவதற்கு எனக்கென்று ஓர் ஒழுங்கு உண்டு. பட்டயப் படிப்பின்போது இமாம் இப்னு ஜமாஆ (ரஹ்) அவர்களின் 'தத்கிரத்துஸ் ஸாமிஇ வல் முதகல்லிம்' என்னும் நூல் எனக்கு அறிமுகமாயிற்று. ஹிஜ்ரி 733இல் மறைந்த அப்பெரியார், ஆசிரியரும் மாணவரும் பேண வேண்டிய ஒழுக்கங்களைக் கூறும் அந்நூலில், நூல்களைக் கையாளும் முறைக்கென்றே ஒரு பகுதியை ஒதுக்கியிருக்கிறார். அனைத்துக்கும் மேலே முஸ்ஹஃப். அதன்கீழ் ஹதீஸ், தஃப்ஸீர், ஃபிக்ஹ், இலக்கணம், கவிதை என்று கல்வியின் சிறப்புக்கேற்ப அவர் வரிசைப்படுத்துகிறார். பெரிய நூலைச் சிறிய நூலின்மேல் வைத்தால் சரிந்து விழும் என்கிறார். அக்காலத்தில் நூல்களை நிறுத்தி வைக்காமல் படுக்கை வசத்தில் அடுக்கினர் என்பதை நினைவிற் கொண்டால் இது விளங்கும். நூலைத் தலையணையாகவோ விசிறியாகவோ ஆக்கக் கூடாது, அதனால் பூச்சியை அடிக்கக் கூடாது என்றும் எழுதியிருக்கிறார். விசிறி என்ற இடம் வரும்போது என் மாணவிகள் சிரித்துவிடுவார்கள். மின்சாரம் நின்றால் அவர்களுடைய நோட்டுகள் என்ன ஆகும் என்பது எனக்கும் தெரியும்.

இவ்வாறே என் அலமாரியும் அமைந்திருந்தது. மேலே முஸ்ஹஃபும், ஆ.கா. அப்துல் ஹமீது பாகவி அவர்களின் தர்ஜமாவும். அடுத்து ரஹ்மத் அறக்கட்டளை வெளியிட்ட புகாரீயின் பாகங்கள். பிறகு ஃபிக்ஹ் நூல்கள், ஸீரா, சீறாப்புராணம். கண்ணாடிக் கதவும் உண்டு, பூட்டும் உண்டு.

பூட்டு வந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் புகாரீயின் மூன்றாம் பாகத்தை ஒரு சகோதரி வாங்கிச் சென்றார். அவர் ஊர் மாறிப் போனார், நூல் திரும்பவில்லை. தொகுதியில் ஒன்று குறைந்தால் அது பல் விழுந்த வாய் போலத் தெரியும். அன்றிலிருந்து யார் கேட்டாலும், "வீட்டுக்கு வந்து இங்கேயே இருந்து படிங்க" என்று சொல்லிவிடுவேன். கண்டிப்பும் ஓர் ஒழுக்கம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

என் மாணவி ஒருத்தி 'ரஹீக்' கேட்டாள். ஸஃபிய்யுர் ரஹ்மான் முபாரக்பூரி அவர்கள் எழுதி, மக்காவின் ராபிதா நடத்திய ஸீரா போட்டியில் முதற்பரிசு பெற்ற நூலின் தமிழாக்கம் அது. அவளுக்கும் அதே பதிலைத்தான் சொன்னேன். அவளுக்குத் தகப்பன் இல்லை. தாய் வேலைக்குப் போகிறவர். இரண்டு தம்பிகளை அவள்தான் கவனித்துக்கொண்டிருந்தாள். அவளால் எப்படி என் வீட்டில் வந்து உட்கார்ந்து படிக்க முடியும்? "சரி உஸ்தாதம்மா" என்று சொல்லிப் போனாள். அடுத்த ஆண்டே அவளுக்குத் திருமணமாகி, மதரஸாவிலிருந்து நின்றுவிட்டாள். அந்த நூல் என் அலமாரியில் பழுதின்றி இருந்தது.

இந்த ஆண்டு துப்புரவின்போது, கல்லூரியில் சேர்ந்திருக்கும் என் மகள் உதவிக்கு வந்தாள். மேல் தட்டில், முஸ்ஹஃபுக்குப் பக்கத்தில், பச்சைத் துணியில் சுற்றிய ஒரு பொதி இருந்தது. என் உம்மம்மாவுடையது. "துஆ கிதாபு, பத்திரமா இருக்கட்டும்" என்று உம்மா என்னிடம் ஒப்படைத்தது. ஒவ்வோர் ஆண்டும் துணியின்மேல் தூசியைத் தட்டி அப்படியே வைத்துவிடுவேன், பிரித்ததில்லை. மகள் பிரித்தாள்.

உள்ளே கையால் தைத்த ஒரு நோட்டு. எல்லாப் பக்கங்களிலும் அரபு எழுத்து, ஸபர் ஸேர் குறிகளோடு. நான் வாங்கி, துஆ என்ற எண்ணத்தோடே மெல்லிய குரலில் ஓதத் தொடங்கினேன். இரண்டு வரி போனதும் பொருள் பிடிபடாமல் தடுமாறினேன். மகள் சிரித்துவிட்டாள்.

"உம்மா, நீங்க ஓதுறது தமிழ்!"

அது அரபுத் தமிழ். அரபியில் இல்லாத ப, ட, ங, ண போன்ற ஒலிகளுக்குப் புள்ளிகள் சேர்த்து எழுத்துகளை உண்டாக்கி, தமிழை அரபு வரிவடிவில் எழுதிய முறை. எங்கள் ஊரில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் என்னும் செய்யிது முஹம்மது ஆலிம் (1816–1898) அவர்களின் 'ஃபத்ஹுத் தய்யான்' இந்த எழுத்தில் வந்த ஃபிக்ஹ் நூல்தான். குர்ஆன் ஓதக் கற்ற பெண்கள், தமிழ் எழுத்துப் பயிலாமலே மார்க்கச் சட்டங்களைத் தாமாகப் படித்துக்கொள்ள இவ்வெழுத்து உதவியது. இதையெல்லாம் நான் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். என் வீட்டிலேயே அது இருந்தும் அடையாளம் தெரியவில்லை.

அதைவிட என்னைச் சுட்டது வேறொன்று. மகள் பள்ளியில் படித்தபோது, குடும்பத்து மூத்தவர்களின் கல்வியைப் பற்றி எழுதி வரச் சொல்லியிருந்தார்கள். உம்மம்மாவின் பெயருக்கு எதிரே 'படிக்கவில்லை' என்று எழுதும்படி சொன்னவள் நான்.

நோட்டைப் படித்து முடிக்க எங்களுக்கு நான்கு இரவுகள் ஆயின. நான் ஓதுவேன், அவள் செவியால் தமிழைப் பிடித்துச் சொல்வாள். முதற்சில பக்கங்களில் குளிப்பின் சட்டங்கள், நோன்பின் நிய்யத்து, குழந்தையின் இருமலுக்குக் கைவைத்தியம். அதற்கப்பால் இருந்தது ஒரு கணக்கு. எந்தத் தெரு, எந்த வீட்டுப் பெண், எந்தக் கிதாபு, எந்த மாதம், எந்தப் பிறை. நூறு மசலா, பெண்புத்தி மாலை, மிஃராஜ் மாலை என்று பெயர்கள். திரும்பி வந்தவற்றின்மேல் ஒரு கோடு. கோடு விழாத வரிகள் ஏழு. அந்த ஏழில் ஒன்றுக்குரிய பெண்ணின் பெயர், இரண்டு பக்கம் தள்ளி, வேறொரு கிதாபுக்கு எதிரே மறுபடியும் இருந்தது.

இப்னு ஜமாஆ அவர்களின் அதே பகுதியில், நூலுக்குக் கேடு வராது என்று தெரிந்தவருக்கு இரவல் கொடுப்பது விரும்பத்தக்கது என்றும் இருக்கிறது. வாங்கியவர் நன்றி சொல்ல வேண்டும், தேவைக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது, உரியவரின் சம்மதமின்றி ஓரத்தில் எழுதக் கூடாது என்றெல்லாம் அவர் இரவலின் ஒழுக்கத்தையும் வகுக்கிறார். ஆண்டுக்கு ஆண்டு பாடம் நடத்தினேன். அடுக்கும் முறையை விரித்துரைப்பேன்; இரவலை இரண்டு வாக்கியத்தில் கடந்துவிடுவேன்.

இம்முறை அடுக்கியபோது உம்மம்மாவின் நோட்டைக் கைக்கெட்டும் தட்டில் வைத்தேன். கட்டிலுக்கு அடியில் ஓர் அட்டைப் பெட்டியில் கிடந்த மகளின் நாவல்களையும் எடுத்துவரச் சொன்னேன். "கிதாபுகளோட வைக்கலாமா?" என்று தயங்கினாள். தட்டு வேறாக இருந்தால் போதும் என்றேன். தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' (1988) அதில் இருந்தது. நம்மவர்களைக் குறை சொல்லும் நூல் என்று சிலர் அதை ஒதுக்குகிறார்கள். ஊருக்குப் பள்ளிக்கூடம் வருவதை மார்க்கத்தின் பெயரால் எதிர்த்தோரை அது காட்டுகிறது. அந்தக் குறை நம்மிடம் இருந்தது உண்மைதானே? பெரியவர்கள் அவசியம் படிக்கலாம். பஷீரின் 'பால்யகால சகி'யைக் குளச்சல் மு. யூசுஃப் தமிழில் தந்திருக்கிறார். ஒரே இரவில் முடித்துவிட்டேன். கண்டி சித்தி லெப்பையின் 'அசன்பேயுடைய சரித்திரம்' 1885இலேயே வந்தது என்று சொன்னால் பிள்ளைகள் வியப்பார்கள். தமிழின் முதல் நாவல் எனப்படும் பிரதாப முதலியார் சரித்திரத்துக்கு ஆறே ஆண்டுகள் பிந்தியது அது. சிறுவர் கையில் 'ரஹீக்'கை முதலில் கொடுக்காதீர்கள். போர்களும் பெயர்களும் ஆண்டுகளும் அவர்களைக் களைப்பாக்கும். எம்.ஆர்.எம். அப்துற்-றஹீம் அவர்களின் இஸ்லாமியக் கலைக்களஞ்சியத்தை எந்தப் பக்கத்திலும் திறந்து படிக்க விடுங்கள். அவர்களே நிற்க வேண்டிய இடத்தில் நிற்பார்கள்.

பூட்டைக் கழற்றிவிட்டேன். மூன்றாம் பாகத்தின் இடத்தில் இடைவெளி அப்படியே இருக்கிறது. மகள் ஒரு புது நோட்டில் கட்டம் போட்டுக் கொடுத்தாள். முதல் வரியை நான் அரபுத் தமிழில் எழுத முயன்றேன். ட எழுத்துக்குப் புள்ளி எங்கே வரும் என்று உம்மம்மாவின் நோட்டைப் பார்த்துத்தான் எழுத வேண்டியிருந்தது. அந்த மாணவியின் பெயர், 'ரஹீக்', ஷஅபான் பிறை 9. நூலை அவளுடைய தம்பி வந்து வாங்கிக்கொண்டு போனான்.

இன்று பிறை 27. கோடு இன்னும் விழவில்லை. கைக்குழந்தை தூங்கும் நேரத்தில் மட்டும் படிக்கிறாளாம். ஹிஜ்ரத் வரை வந்திருக்கிறாள் என்று தம்பி சொன்னான்.