சாவி யாரிடம் இருக்கும்?

கொஞ்சம் நீளமான பதிவு இது. படிக்கும்போது காபி ஆறிப்போனால் நான் பொறுப்பல்ல.

எங்கள் காலனி பூங்கா விவகாரம் என்ன ஆயிற்று என்று நிறையப் பேர் போனில் கேட்டீர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை வற்றிவிட்டது. அதனால் எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

வந்து போனவர்களுக்கு இடம் நினைவிருக்கும். சென்னையின் தெற்குப் புறநகரில், காலனிக்கு நடுவே சீமைக் கருவேல முள்ளும் கட்டட இடிபாடும் குவிந்து கிடந்த அந்தக் காலி இடம். பின்பக்கம் ஏரிக்கால்வாய். கால்வாயை ஒட்டி எழுபது எண்பது குடிசைகள். அங்குள்ள பையன்களுக்கு முள் இல்லாத பாதிதான் கிரிக்கெட் மைதானம். அந்த இடத்தில் சமுதாயக் கூடம் கட்டப் போவதாகப் பேச்சு வந்தது. எங்கள் நலச்சங்கத்தில் பாதிப் பேருக்கு மகிழ்ச்சி, வளைகாப்பு, நிச்சயதார்த்தத்துக்கெல்லாம் மண்டபம் பக்கத்திலேயே கிடைக்கும் என்று. மீதிப் பேருக்கு, சுற்றுச்சுவரும் நடைபாதையும் உள்ள பூங்காதான் வேண்டும்.

முப்பது வருடம் புவியியல் நடத்தியவள் நான். வரைபடத்தைப் பார்க்காமல் எந்தப் பக்கமும் கை தூக்க மனம் வரவில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, எங்கள் மனைப்பிரிவின் அங்கீகரிக்கப்பட்ட வரைபட நகலைக் கேட்டு வாங்கினேன். அளவு 1:1000. ஒன்பதாம் வகுப்பில் உங்களிடம் ஸ்கேலை வைத்து அளக்கச் சொல்வேனே, அதே வேலைதான். வரைபடத்தில் ஒரு சென்டிமீட்டர் என்றால் தரையில் பத்து மீட்டர். 'பூங்கா' என்று எழுதியிருந்த கட்டம் ஆறுக்கு நாலு. அதாவது 60 மீட்டர் நீளம், 40 மீட்டர் அகலம்.

வீடு வாங்கும்போது நம்மில் பெரும்பாலோர் பார்க்காத விஷயம் ஒன்று உண்டு. இன்றைய விதிப்படி மனைப்பிரிவு 3,000 சதுர மீட்டரைத் தாண்டினால், சாலைகள் போக மீதியில் 10 சதவீதத்தைப் பொதுப் பயன்பாட்டுக்குத் திறந்தவெளியாக ஒதுக்க வேண்டும். 10,000 சதுர மீட்டர் வரை, இடம் விட முடியாவிட்டால் அதன் மதிப்பைப் பணமாகக் கட்டலாம். அதற்கு மேல் போனால் இடமாகவே கொடுத்தாக வேண்டும். அந்த இடம் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சியின் கைக்கு வரும். 'ஓஎஸ்ஆர் நிலம்' என்று அலுவலகங்களில் சொல்வது இதைத்தான். மனை விற்றவருக்கும் சரி, சங்கத்துக்கும் சரி, அது சொந்தமில்லை.

பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தில் வேறு எதையாவது கட்டலாமா? பெங்களூரு ராஜ்மகால் விலாஸ் பகுதியில் இப்படித்தான் ஒரு பூங்கா நிலத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தார்கள். அங்கே குடியிருந்தவர்கள் வழக்குப் போட்டார்கள். 1991-இல் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. இதைக் கேட்க உங்களுக்கு என்ன உரிமை என்று குடியிருப்பவர்களைத் திருப்பி அனுப்ப முடியாது என்பதும் அந்தத் தீர்ப்பிலேயே உறுதியானது. மருத்துவமனைக்கே அந்தக் கதி என்றால் வளைகாப்பு மண்டபத்துக்குச் சொல்லவா வேண்டும்! சங்கக் கூட்டத்தில் இதை வாசித்தேன். கூடம் பற்றிய பேச்சு பாதியாகக் குறைந்தது.

அதன் பிறகுதான் சங்கடம் வந்தது. நில அளவைத் துறையில் இருக்கும் நம் பள்ளி மாணவன் ஒருவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை டேப்போடு வந்து அளந்து கொடுத்தான். (இதைப் படிக்கிறாய் என்று தெரியும். அன்றைக்குச் சாப்பிடாமல் போனதை நான் மறக்கவில்லை.) நீளம் சரியாக 60 மீட்டர். அகலம் 31 மீட்டர்தான். 9 மீட்டரைக் காணவில்லை. கணக்குப் போட்டால் 540 சதுர மீட்டர், ஏறக்குறைய இரண்டரை கிரவுண்டு.

குடிசைக்காரர்கள் வளைத்துவிட்டார்கள் என்றுதான் சங்கத்தில் இத்தனை வருடமாகப் பேச்சு. ஆனால் கால்வாய்ப் பக்கம் ஒரு அடிகூடக் குறையவில்லை. குறைந்தது எங்கள் தெருப் பக்கம். வரிசையாக ஏழு கார் ஷெட்டுகள், ஒன்றில் துளசி மாடம் வேறு. ஏழும் சங்க உறுப்பினர்களுடையவை.

"என்ன டீச்சர், நம்ம ஆளுங்களையே காட்டிக் கொடுக்கறீங்க?" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். நான் வரைபடத்தைத்தான் காட்டினேன். அந்த வருடம் பிள்ளையார் சதுர்த்திக்கு அவர் வீட்டுக் கொழுக்கட்டை வரவில்லை.

எங்கள் சங்கத்தில் வீட்டுச் சொந்தக்காரர்களுக்கு மட்டும்தான் ஓட்டு. வாடகைக்கு இருப்பவர் பத்து வருடம் இருந்தாலும் கை தூக்க முடியாது. கால்வாய் ஓரத்தவர்கள் உள்ளேயே வர முடியாது. பகுதி சபை அப்படியல்ல. வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் அவர் உறுப்பினர். கிராமசபை போல நகரத்துக்கும் ஒன்று வேண்டும் என்று பல வருடமாகக் கேட்டு, 2022-இல்தான் அதற்கு விதிகள் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி தமிழ்நாடு முழுவதும் கூட்டங்கள் நடந்தன. அதற்கு முன் 2016 அக்டோபரிலிருந்து ஐந்து வருடத்துக்கு மேல் நம் ஊர்களில் கவுன்சிலரே இல்லை என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

எங்கள் பகுதி சபை அங்கன்வாடிக் கட்டடத்தில் கூடியது. வரைபட நகலைப் பெரிதாக்கிச் சுவரில் ஒட்டிவிட்டு, வகுப்பெடுப்பது போலவே விளக்கினேன். கூடம் வேண்டாம், பூங்காதான் என்று பெரும்பாலும் ஒத்துக்கொண்டார்கள். சங்கச் செயலாளர் பூங்காவின் படத்தைக் காட்டினார். ஆறடிச் சுவர், ஒரு இரும்பு கேட், சுற்றிலும் நடைபாதை, நடுவில் புல்தரை, 'விளையாடக் கூடாது' என்ற பலகை.

தெருமுனையில் இஸ்திரி போடும் அம்மா பின்வரிசையிலிருந்து எழுந்தார். "பூங்கா கட்டுங்க டீச்சரம்மா, வேணாங்கல. சாவி யாராண்ட இருக்கும்?"

யாரும் பதில் சொல்லவில்லை. அந்த அம்மாவே தொடர்ந்தார். கேட் உங்க தெருப் பக்கம் இருக்கு, எங்க பசங்க சுத்திக்கினு வரணும், வந்தா வாட்ச்மேன் தொரத்துவான், அப்புறம் ரோட்டுலதான் ஆடுவானுங்க என்றார். போன வருடம் அந்தச் சாலையில்தான் தண்ணீர் லாரி மோதி ஒரு பையனுக்குக் கால் முறிந்தது. அது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

இரண்டு மணி நேரம் பேச்சு நடந்தது, கத்தலும் இருந்தது. முடிவில் கவுன்சிலர் தீர்மானமாக எழுதிக்கொண்டது இதுதான். சுவர் இடுப்பளவு. கால்வாய்ப் பக்கம் இன்னொரு வாசல், அதற்குப் பூட்டு கிடையாது. நடைபாதை மூன்று பக்கம் மட்டும், நாலாவது பக்கத்தையும் நடுவையும் விளையாட விடுவது. ஷெட்டுகளை எடுக்க இரண்டு மாத அவகாசம். சர்க்கரை நோய்க்கு நடக்கிற எனக்கே நாலாவது பக்கம் போனதில் கொஞ்சம் வருத்தம்தான். இருந்தாலும் கை தூக்கினேன்.

இன்றைய நிலவரம்: ஏழில் ஐந்து ஷெட்டுகள் எடுத்தாகிவிட்டன. துளசி மாடத்தைப் பக்குவமாகப் பெயர்த்து வீட்டுக்குள் வைத்துக்கொண்டார்கள். மீதி இரண்டுக்கு நோட்டீஸ் போயிருக்கிறது. சுவர் வேலை முடிந்தது. கால்வாய்ப் பக்கத்து வாசலுக்கு ஒப்பந்ததாரர் பூட்டு மாட்டும் கொண்டியோடு கேட் செய்து கொண்டுவந்துவிட்டார். இஸ்திரி அம்மாவும் நானும் தீர்மான நகலோடு போய் நின்றோம். மறுநாள் வெல்டிங்காரர் வந்து கொண்டியை அறுத்து எடுத்தார். அடுத்த சபையில் மழைநீர் வடிகால் பற்றிப் பேச்சு. அதன் வரைபடத்துக்கு விண்ணப்பம் போட்டு இருபத்திரண்டு நாள் ஆகிறது.