நெல்லை எக்ஸ்பிரஸ் என்கிற படகு

பள்ளி விழாவுக்காக வகுப்புக்கு ஒரு நாடு என்று சீட்டுக் குலுக்கினார்கள். எங்கள் ஏழாம் வகுப்புக்கு நியூசிலாந்து விழுந்தது. ஜப்பான் கிடைத்த டீச்சர் அன்று மாலையே காகித விசிறி மடிக்க உட்கார்ந்துவிட்டார். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஆடு, பால் பவுடர், கிரிக்கெட். பிள்ளைகளுக்கு அதைவிடக் கொஞ்சம் கூடத் தெரிந்திருந்தது. “நம்ம ஃபிளெமிங் ஊரு, மிஸ்!”

அங்கே மவோரி என்ற மக்கள் இருக்கிறார்கள், சுமார் எழுநூறு வருஷத்துக்கு முன் பசிபிக் கடலில் படகு விட்டு வந்தவர்கள் என்றதும் வகுப்பு அடங்கிக் கேட்டது. அவர்களுடைய ஹாக்கா ஆட்டத்தின் வீடியோவைக் காட்டியதும் அடக்கம் போய்விட்டது. நாக்கை நீட்டித் தொடையைத் தட்டி ஒரு வாரம் வராந்தாவே அதிர்ந்தது. தப்பு என் பக்கமும் உண்டு. முகத்தில் பச்சை குத்தினதுபோல மையால் கோடு இழுத்து நாலு பேரை மேடையேற்றலாம் என்று மை டப்பாகூட வாங்கிவிட்டேன். பிறகுதான் படித்தேன்: அந்தக் கோடுகளுக்கு மோக்கோ என்று பெயர். யாருடைய பிள்ளை, எந்தக் குலம் என்பதை முகத்திலேயே எழுதிவைப்பது. இன்னொருவர் வீட்டு வம்சாவளியை மாறுவேடப் போட்டிக்குக் கடன் வாங்குவதா? மை டப்பா இன்னும் என் மேஜை டிராயரில்தான் கிடக்கிறது.

மொழிப் பக்கம் போனேன். அதுதான் கைகொடுத்தது. மவோரியில் உயிரெழுத்து ஐந்துதான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் குறிலும் நெடிலும் உண்டு. ‘கெகெ’ என்றால் கேக், ‘கேகே’ என்றால் அக்குள். பிறந்தநாள் வந்த பையனிடம் எதைக் கேட்டார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. அதைவிடப் பெரிய சந்தோஷம், ங. ஆத்திசூடியை விட்டால் சொல்லின் முதலில் வேலையே இல்லாத நம் ங, அங்கே முதலிலேயே கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறது: ஙாட்டி, ஙாப்புஹி. முதலாவது குலப்பெயர்களின் முன்னொட்டு, அடுத்தது ஒரு குலப்பெயர். வெள்ளைக்காரர்கள் நாக்குத் தடுமாறும் இடத்தை எங்கள் பிள்ளைகள் மூச்சுவிடாமல் தாண்டினார்கள்.

அந்த மொழியே அழியப் பார்த்ததுதான். 1982-இல், பாட்டிமார் மடியில் மழலைகள் மவோரியிலேயே வளரட்டும் என்று ‘மொழிக்கூடு’ எனப் பொருள்படும் பெயரில் பள்ளிகள் தொடங்கினார்கள். 1987-இல் அது ஆட்சிமொழியானது. இங்கிலீஷ் ரைம்ஸ் சத்தம் கேட்கும் எங்கள் தெருவில் நடந்துபோகும்போது இது எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும்.

சபையில் ஒரு மவோரி தன்னை அறிமுகம் செய்துகொள்ளும்போது எடுத்தவுடன் பெயரைச் சொல்வதில்லை. என் மலை இது, என் ஆறு இது, என் முன்னோர் வந்த படகு இது என்பார், பெயர் கடைசியில்தான். மலைக்கு மவுங்கா, ஆற்றுக்கு அவா, படகுக்கு வாக்கா. நீங்களும் சொல்லுங்கள் என்றேன். “நமக்கு ஏது மிஸ் மலை?” ஜன்னல் பக்கம் கையைக் காட்டினேன். பல்லாவரம் மலை. 1863-இல் நிலவியலாளர் புரூஸ் ஃபூட் கற்கால ஆயுதத்தைக் கண்டெடுத்தது அந்தப் பல்லாவரத்தில்தானே. ஆற்றைக் கேட்டபோது முடிச்சூர்ப் பெண் எழுந்தாள். “எங்க அவா அடையாறு. 2015-ல அதுவே எங்க வீட்டுக்கு வந்துச்சு.” அங்கே வங்கனூயி ஆற்றை 2017-இல் சட்டப்படி ஓர் ஆளாகவே ஏற்றுக்கொண்டுவிட்டார்கள் என்றேன். “அப்போ அடையாறு மேல கேஸ் போடலாமா?”

படகில்தான் வகுப்பு திணறியது. கொஞ்ச நேரம் கழித்து ஒருவன் சொன்னான்: “எங்க தாத்தா திருநெல்வேலிலேர்ந்து வந்து தாம்பரத்துல இறங்கினாரு. எங்க வாக்கா நெல்லை எக்ஸ்பிரஸ்.” அவ்வளவுதான், பாண்டியன், பொதிகை, ராக்ஃபோர்ட் என்று வாக்காக்கள் வரிசையாகப் பிளாட்பாரத்துக்கு வந்தன. தாம்பரமே இப்படி இறங்கியவர்கள் கட்டிய ஊர்தான்.

கடைசி நாளுக்கு ஒன்றை ஒளித்துவைத்திருந்தேன். 1836 வாக்கில் கொலென்சோ என்ற மிஷனரி வங்காரே பக்கம் மவோரிப் பெண்கள் ஒரு வெண்கலப் பாத்திரத்தில் உருளைக்கிழங்கு வேகவைப்பதைப் பார்த்தார். பார்த்தால், கவிழ்த்த கப்பல் மணி, விளிம்பு உடைந்திருந்தது. காற்றில் சாய்ந்த மரத்தின் வேரடியில் கிடைத்தது, தலைமுறைகளாக எங்களிடம் இருக்கிறது என்றார்கள். அதன்மேல் தமிழ் எழுத்து! இப்போது வெலிங்டனில் தே பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வாசகத்தைப் பலகையில் எழுதினேன்: முகைய்யதீன் வக்குசு உடைய கபல் உடைய மணி.

“முகைதீன் எங்க தாத்தா பேரு மிஸ்” என்று ஒருவன் எழுந்து நின்றேவிட்டான். முன் பெஞ்சுப் பெண் முகத்தைச் சுளித்தாள்.

“கப்பல்ல ஒரு ப் விட்டுப்போச்சு மிஸ். யாருமே திருத்தலையா?”

பழைய எழுத்து அப்படித்தான் இருக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். கடைசி பெஞ்சு முந்திக்கொண்டது.

“கிழங்கு வெந்துச்சுல்ல, விடு.”