சனிக்கிழமை ஜீவனாம்சம்

2019 தை மாதம். பேரியம் கூடாது, சரவெடி கூடாது, பசுமைப் பட்டாசு மட்டுமே என்று 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னபின், சிவகாசியில் ஆலைகள் பூட்டிக் கிடந்தன. அந்த நாட்களில்தான் திருத்தங்கல் பக்கமிருந்து ஒரு பெண் ஆறு வயது மகளோடு என் ஆபீஸ் படியேறினார். கையில் மஞ்சள் பை. உள்ளே பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், ரேஷன் கார்டு நகல், ஒரு கணக்கு நோட்டு.

புருஷன் பட்டாசு மருந்து செலுத்துகிறவர். பிரிந்து ஒரு வருஷம். "அத்துவிட்டாச்சு, இனி என்ன காசு?" என்கிறாராம். ஊர்ப் பெரியவர்கள் கையெழுத்துப் போட்ட 20 ரூபாய்ப் பத்திரம்தான் அவருக்கு ஆதாரம். அப்படித் தீர்த்துக்கொள்ளும் வழக்கம் தங்கள் சமூகத்தில் நெடுங்காலமாக உண்டு என்று நிரூபித்தாலொழிய கோர்ட்டில் அந்தப் பத்திரம் நிற்காது. விவாகரத்தே ஆகியிருந்தாலும், மறுமணம் செய்யாத, பிழைக்க வழியில்லாத மனைவி குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவில் ஜீவனாம்சம் கேட்கலாம். அந்தப் பிரிவு 2024 ஜூலையிலிருந்து புதுச் சட்டத்தில் 144. எண்தான் மாறியது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் மனு போட்டோம். இழுத்தது. நடுவில் கொரோனா. 2020 நவம்பர் 4 அன்று ரஜ்னேஷ் எதிர் நேகா தீர்ப்பு வந்தது. இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் சொல்ல வேண்டும். ஜீவனாம்சம் மனு போட்ட தேதியிலிருந்தே கணக்காகும். நல்ல தீர்ப்பு. ஆனால் அந்தப் படிவம் சம்பளச் சீட்டு கேட்கிறது, வருமான வரிக் கணக்கு கேட்கிறது. குரோஸ் கணக்கில் கூலி வாங்கி, சனிக்கிழமை சாயங்காலம் கையில் எண்ணுகிறவரிடம் எந்தச் சீட்டு இருக்கும்?

"தடைக்கப்புறம் வேலையே இல்லைங்கய்யா" என்று புருஷன் கூண்டில் நின்று சொன்னார். நகக்கண்ணில் அலுமினியப் பவுடர் சாம்பல் வெள்ளையாக மின்னிக்கொண்டிருந்தது. சினிமா வக்கீலாக இருந்தால் கையை நீட்டச் சொல்லியிருப்பேன். நான் நோட்டைத்தான் நீட்டினேன். 2018 தீபாவளி வரை வாராவாரம் எத்தனை குரோஸ், எவ்வளவு கூலி, அட்வான்ஸில் எவ்வளவு பிடித்தம் என்று கட்டம் போட்டு எழுதியிருந்தார். "கையெழுத்து என்னோடதுதான்" என்று ஒப்புக்கொண்டார். அதற்குமேல் நான் கேட்கவில்லை. தொழில் படுத்ததும் பொய்யில்லை. நோட்டிலிருந்த தொகையை அப்படியே கேட்டிருந்தால் நான்தான் பொய்யனாகியிருப்பேன்.

மனைவி தீப்பெட்டி ஒட்டிச் சம்பாதிப்பதை எதிர்த்தரப்பு பெரிதாகச் சொன்னது. அந்த வருமானம் காணுமா என்பதே கேள்வி. மாதம் 6,000 என்று உத்தரவானது. ஞாயிற்றுக்கிழமை மகளைப் பார்த்துக்கொள்ள அவருக்கு உரிமை. முதல் ஞாயிறே சாத்தூர் சேவுப் பொட்டலத்தோடு வந்துவிட்டார். பணம் மட்டும் வரவில்லை.

பாக்கி ஏறியது. வாரண்ட் கேட்கலாம், ஒவ்வொரு மாதப் பாக்கிக்கும் ஒரு மாதம் வரை உள்ளே வைக்கலாம். உள்ளே இருந்தாலும் கடன் தீராது என்று 1988-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மனுவை எழுதியே வைத்திருந்தேன். அந்தப் பெண்தான் தடுத்தார். "அவரு ஏமாத்தல சார். சனிக்கிழமை வாங்குறது திங்கக்கிழமை இருக்காது. ஒண்ணாந்தேதி கேட்டா எங்க போவாரு?"

எனக்குச் சுருக்கென்றது. சட்டம் மாதத்தில் எண்ணுகிறது, சிவகாசி வாரத்தில் எண்ணுகிறது. இருபது வருஷம் இங்கே தொழில் பண்ணியும் எனக்கு இது உறைத்ததில்லை. எதிர்த்தரப்பு வக்கீலோடு பேசினேன். சனிக்கிழமைதோறும் 1,500, பாக்கிக்குத் தனித் தவணை என்று கூட்டுக் குறிப்பு தயாரானது.

கையெழுத்துப் போடும்போது புருஷன் பேனாவை நிறுத்திவிட்டார். "வருஷத்துக்கு 52 வாரம் வருதே சார்? 78,000 ஆகுது."

வக்கீல்கள் எங்கள் இருவருக்குமே அது தோன்றவில்லை. விரல்விட்டு எண்ணியது அந்தப் பெண்தான். "தீவாளி கழிஞ்சு கம்பெனி லீவு விடுற நாலு வாரத்தை விட்டுருங்க. சரியா 72,000."

எழுதிச் சேர்த்தோம். வெளியே வந்ததும் புருஷன் என்னிடம் கேட்டார்: "அந்த நோட்டு திரும்பக் கிடைக்குமா சார்? அட்வான்ஸ் எம்புட்டுக் கழிஞ்சிருக்குன்னு அதுலதான் இருக்கு."